எந்த ஊர்க் காற்றில் அடித்த பந்து

மல்வேர்ன் பஸ்ஸில் எனக்கு ஒரு கட்லட் கிடைத்தது. கூடவே ஒரு கேள்வியும்.

நான் போகவேண்டியது எதிர்த்திசை. ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாம் நாள், எனது கவிதைக் கூட்டம் நடக்கப்போகும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரலாமென்று தனியாகக் கிளம்பியிருந்தேன். ஏறிய பஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல், ஒரே மாதிரி மரம். எங்கள் நுவரெலியாவில் ஒரு வளைவு தவறினால் வேறு பள்ளத்தாக்கு வந்துவிடும், பிழை உடனே தெரியும். இங்கே நிலம் தோசைக்கல்போலத் தட்டை. பிழை தெரிய வெகுநேரம் பிடித்தது.

பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அம்மா.

"தமிழோ?"

"ஆமாங்க."

"ஊரிலை எவடம்?"

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் விழும் கேள்வி இதுதான். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு யார் சொந்தம், எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதெல்லாம் தானாக வந்து சேரும்.

"நுவரெலியாங்க."

"ஓ, அங்கை வேலை பாத்தனீங்களோ?"

"இல்லைங்க. பொறந்ததே அங்கதான்."

"அப்பான்ரை ஊர்?"

"அதுவும் அதேதான்."

அவர் மனதுக்குள் என்னவோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். தேயிலை மலையில் பிறந்தவனுக்கு அவருடைய வாய்ப்பாட்டில் வரி இல்லை. பிறகு பையைத் திறந்து, வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய கட்லட் ஒன்றை என் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ. அடுத்த ஸ்ரொப்பிலை இறங்கி, றோட்டுக்கு அங்காலை நிண்டு இதே நம்பரைப் பிடியுங்கோ. பிழையான பஸ்ஸிலை வந்திட்டியள்."

எப்படித் தெரிந்ததோ. கட்லட்டில் மிளகு தூக்கலாக இருந்தது. இறங்கி நின்று தின்றேன். செப்ரெம்பர் காற்று காதைக் கிள்ளியது. இந்த ஊரில் எனக்கு முதலில் பழக்கமாகத் தெரிந்தது அந்தக் குளிர்தான்.

*

தங்கியிருந்தது நகரத்துக்கு வெளியே பிக்கரிங்கில், தேவராசாவின் வீட்டில். தேவாவும் நானும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதி அறை. அவன் கணிதம், நான் தமிழ். அவன் இப்போது கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். வீடு புதிது. பெயின்ற் மணம் போகவில்லை. தெருவில் மனித நடமாட்டம் இல்லை. ஒரு நாய் மட்டும் தன் எசமானை இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் பின்னேரம் ஆனால் போதும், தொலைபேசி கத்தத் தொடங்கிவிடும்.

"உவன்ரை கை முறிஞ்சுதோ, சுளுக்கோ?" என்பான் தேவா. "எந்தக் கிரவுண்டிலை நாளைக்கு? ஆ, அங்கையோ. அப்ப பேசாமல் வை."

முதல் நாள் கேட்டபோது யாரோ உறவினருக்கு விபத்து என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். தேவாவின் மனைவி வசந்திக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"அண்ணை, உது பேஸ்போல். உவை எட்டுப் பேர் சேந்து பேப்பரிலை விளையாடுகினம்."

விளையாட்டு இதுதான். மைதானத்தில் விளையாடுவது வேறு யாரோ. இந்த எட்டுப் பேரும் வசந்தகாலத்தில் ஒரு சமையலறையில் கூடி, அமெரிக்கா, கனடா எங்கும் உள்ள ஆட்டக்காரர்களை ஏலம் போட்டு ஆளுக்கொரு அணி கட்டிக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் நிஜத்தில் அன்றைக்கு என்ன அடித்தானோ, அது மறுநாள் பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும். அது இவர்கள் கணக்கில் ஏறும். பந்து வேலிக்கு மேலால் போனால் ஹோம் ரன், அதற்குப் புள்ளி அதிகம். வருட முடிவில் முதலாவதாக வருபவனுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியாக வருபவன் எல்லாருக்கும் கூழ் காய்ச்ச வேண்டும்.

காய்ச்சுகிற கிடாரம் கடைசி ஆளின் வீட்டில்தான் ஒரு வருடம் இருக்கும். ஆளை உட்கார வைத்து அவிக்கக்கூடிய அளவான பாத்திரம். இரண்டு வருடமாக அது தேவாவிடம்தான். இப்போது புது வீட்டின் கார்க் கொட்டிலில் குப்புறக் கிடந்தது.

"மூணாவது முறையும் கடைசின்னா?" என்றேன்.

வசந்திதான் சொன்னாள்.

"மூண்டு தரம் கடைசி வந்தால் அணியை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம். மிசிசாகாவிலை சிறி எண்டு ஒருத்தர் ஆவெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பகிடி பண்ணுறன் எண்டு நினையாதேங்கோ அண்ணை. நாங்கள் இஞ்சை வந்த பிறகு, உந்த விளையாட்டு இல்லாட்டி உவருக்கு ஆர் போன் எடுக்கப்போகினம்?"

அன்றிரவு தொலைபேசி அடித்தபோதெல்லாம் நான் அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

*

வியாழக்கிழமை தேவா லீவு போட்டான். ரயிலில் நகரத்துக்குப் போனோம். முதலில் பார்க்டேல். எட்டுப் பேரும் அகதிகளாக வந்திறங்கிய புதிதில் ஒரே வீட்டில் இருந்த இடம். பழுப்புச் செங்கல் கட்டடம், துருப்பிடித்த படி. நாலாம் மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டினான்.

"ரெண்டு அறை, எட்டுப் பேர். வேலை மாறி மாறி எண்டதாலை படுக்கை ஆறிறதே இல்லை. ஒருத்தன் எழும்ப மற்றவன் விழுவான்."

"சண்டை வரலையா?"

"ஒருக்கா வந்தது. 'நீ எவடம்' எண்டு கதை துவங்கி, உன்ரை ஊர் என்ன, என்ரை ஊர் என்ன எண்டு போய், எங்களிலை ஒருத்தன், யேசு, மற்றவன்ரை தலையிலை சோத்துப் பானையைக் கவிட்டிட்டான். அண்டைக்கு முடிவெடுத்தம், இந்த வீட்டுக்குள்ளை ஒருத்தனும் ஒருத்தனை எவடம் எண்டு கேக்கக்கூடாது."

"கேக்காம இருந்தீங்களா?"

"வாய் சும்மா இருக்குமே? பேஸ்போல்காரனைக் கேக்கத் துவங்கினம்."

அதன் பொருள் எனக்கு மைதானத்தில்தான் புரிந்தது. ஏரிக்கரையில் ஒரு பெரிய வெள்ளை முட்டை. வெயில் என்றால் கூரை திறந்துகொள்ளும். அன்று திறந்திருந்தது. உள்ளே புல்லுக்குப் பதிலாகப் பச்சைக் கம்பளம், கல்யாண மண்டபம்போல. உச்சிப் படியில் மலிவான இடம். அங்கேயிருந்து ஆட்டக்காரர்கள் சிந்திய அரிசிபோலத் தெரிந்தார்கள். ஒரு நீளப் பாணுக்குள் சோசேஜ் ஒன்றைப் படுக்கவைத்து, மேலே கடுகுக் குழம்பு பூசிக் கொடுத்தார்கள். மீன் அடைத்த உறைப்பான மாலு பாணை எங்கள் ஊரில் கடித்து வளர்ந்த வாய்க்கு அது குழந்தைச் சாப்பாடு.

கிரிக்கெற்றைப்போல எல்லாப் பக்கமும் அடிக்க முடியாது இதில். முன்னால் விரியும் விசிறிக்குள்தான் அடிக்கவேண்டும். தேவா காதோரம் ஓதிக்கொண்டே இருந்தான்.

"இந்தக் கம்பளத்திலை நிலத்திலை அடிச்ச பந்தும் வழுக்கிக்கொண்டு ஓடும். அதாலை, வேகமாய் ஓடுறவன் இஞ்சை பெரிய ஆள். அவனைக் கொண்டுபோய்ப் புல்லிலை விடு, பந்து புல்லுக்கை நித்திரை கொள்ளும். பொஸ்டனிலை இடப்பக்கம் கிட்டத்திலை உயரமாய் ஒரு மதில். சும்மா தூக்கி விட்டாலும் மதிலிலை பட்டு விழும். கலிபோர்னியாக் கடற்கரையிலை ஈரக்காத்து, எவ்வளவு விளாசினாலும் பந்து நனைஞ்ச துவாய் மாதிரி விழும். டென்வர் மலையிலை இருக்கு, ஒரு மைல் உயரம். காத்து மெல்லிசு. தட்டி விட்டாலே பறக்கும்."

"அப்ப ஒருத்தன் இருவது ஹோம் ரன் அடிச்சான்னா..."

"உடனை கேக்கவேணும், எவடம் எண்டு! டென்வர்க்காரன் எண்டால் காத்துக்குக் கழி. கடற்கரைக்காரன் எண்டால் ஈரத்துக்குக் கூட்டு. அப்பதான் ஆளின்ரை உண்மையான அடி தெரியும்."

நான் சோசேஜைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாள் முழுக்க என்னைக் குறைத்துப் பார்க்கவே கேட்கப்பட்ட கேள்வி. அதே கேள்வியை இந்த எட்டுப் பேர், ஈரக் காற்றில் அடித்தவனுக்குக் கூட்டிக் கொடுக்கவும் கேட்கிறார்கள். கூரை திறந்த அந்த முட்டைக்குள் ஒரு கடற்பறவை வந்து, யாருக்கும் சொந்தமில்லாத வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது.

"டென்வர் ஒரு மைல்தானா?" என்றேன். "எங்க நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல."

தேவா திரும்பிப் பார்த்தான். பேராதனையில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தபோதுகூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"உண்மையாவோ?"

"எங்க வீட்டுல பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும்னு என் சம்சாரத்தைக் கேளு."

*

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகையில் இடி விழுந்தது. தேவாவின் அணியில் நம்பிக்கையான ஒரே அடிகாரன் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டான். பருவத்தில் மீதி மூன்று நாள். யேசுதாசனுக்குப் பின்னால் தேவா ஏழு புள்ளி. காலியான இடத்துக்கு யாரையாவது எடுத்து, பின்னேரம் முதல் பந்து விழுமுன் செயலாளருக்கு அறிவிக்கவேண்டும். செயலாளர் யார்? அதே யேசுதாசன். பார்க்டேலில் சோற்றுப் பானை கவிழ்த்த மன்னார்க்காரன்.

யாரும் எடுக்காமல் எஞ்சியவர்களில் இரண்டு பேர்தான் தேறினார்கள். ஒருவன் ரொறன்ரோ அணியின் இளம் ஆட்டக்காரன். மற்றவன் கலிபோர்னியாக் கடற்கரை அணியின் கிழவன். வருடம் முழுக்கச் சொல்லும்படியாக ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் அவனுடைய அணி கடைசி மூன்று ஆட்டத்துக்கும் டென்வர் போகிறது.

"எங்கடை பெடியனை விட்டிட்டு எங்கையோ கிடக்கிற கிழவனை எடுக்கிறதோ?" என்றான் தேவா.

"எங்கடை பெடியனோ?" வசந்தி பாத்திரம் கழுவியபடி கேட்டாள். "அவன் டொமினிக்கன் நாட்டுப் பெடியன். உங்களை அவனுக்குத் தெரியுமே? ரெண்டு வருசமாய் எங்கடை பெடியள் எங்கடை பெடியள் எண்டு எடுத்துத்தானே கிடாரத்தை இஞ்சை வைச்சிருக்கிறியள்."

தேவா எண்களை அழுத்தினான். யேசுதாசனின் குரல் ரிசீவரைத் தாண்டி சமையலறை முழுக்கக் கேட்டது.

"ஆரை எடுக்கிறாய்?"

"ரொறன்ரோப் பெடியன்..."

"டேய், உனக்கு விசரே? கிழவன் டென்வருக்குப் போறான். கடற்கரையிலை அவன் அடிச்சு, வேலிக்குக் கிட்ட பிடிபட்ட பந்தெல்லாம் அங்கை வெளியிலை போகும்."

தேவா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "எனக்கு மேலை நிக்கிறவன் இவன்தான். என்னத்துக்கு எனக்குப் புத்தி சொல்லுறான்? ஏமாத்திறானோ?"

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் உயரம் என் பாடம். "பந்து பறக்கும். அது நிச்சயம். ஆனா கீழயிருந்து வர்றவனுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், தலை இடிக்கும். இன்னிக்கு அவன்கிட்ட ஒண்ணும் எதிர்பார்க்காத. ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிடும்."

"யேசு, எங்கடை கவிஞர் ஒரு கதை சொல்லுறார்..."

"கவிஞரை வையடா. கிழவனை எழுதட்டோ இல்லையோ? வேலைக்கு நேரமாகுது எனக்கு."

தேவா கண்ணை மூடினான். கையெழுத்துப் போடுகிறவன்போல மூச்சை இழுத்தான்.

"எழுது."

அன்று கிழவன் நாலு முறை வந்து நாலு முறையும் வெறுங்காற்றை வெட்டிவிட்டுப் போனான். பட்டியலில் முதலாவதாக நிற்கும் குகன், வாயில் எப்போதும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பவன்போலப் பேசுகிறவன், இரவே எடுத்தான். தேவா என் மூச்சுக் கதையைச் சொன்னதும் விடவில்லை.

"கவிஞர் அண்ணை சொன்னது பலிச்சிட்டுது போலை. மூச்சு வாங்குதாம். நாளைக்கும் வாங்குமோ, இல்லாட்டி ஒரேயடியாய் நிண்டிடுமோ?"

*

சனிக்கிழமை கவிதைக் கூட்டம். பள்ளிக்கூட மண்டபம், மடக்கு நாற்காலிகள், பின்வரிசையில் ரோல்ஸும் தேநீரும். ஊரில் வாசித்தால் கை தட்டும் இடங்களில் இங்கே ஒலிவாங்கி மட்டும் கீச்சிட்டது. என் பெரிய கவிதை, கண்டியிலும் கொழும்பிலும் சபையை எழுப்பியது, இங்கே பொத்தென்று விழுந்தது. ஆனால் இடையில் சும்மா வாசித்த ஒன்று, குளிரில் கம்பளி போர்த்தி மலைப்பாதையில் முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பற்றிய சின்னக் கவிதை, அதற்கு மண்டபம் அசையாமல் இருந்தது. முன்வரிசையில் வேலைச் சீருடையோடு வந்திருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிந்தபின் குகன் கையில் ரோல்ஸோடு வந்தான்.

"அண்ணை, பெரிய கவிதையிலை பிழை இல்லை. கிரவுண்ட் பிழை. இனி இஞ்சை வாறதெண்டால் குளிர்க் கவிதையா எடுத்துக்கொண்டு வாங்கோ."

எத்தனையோ விமர்சனக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வீடு வந்தால் கெட்ட செய்தி. டென்வரில் கிழவனுக்கு ஓய்வு கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். தேவா சாப்பிடாமல் மேலே போனான். வசந்தி சோற்றை மூடி வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால். டென்வர் ஆட்டத்தை எந்த அலைவரிசையும் காட்டவில்லை. விளையாட்டு அலைவரிசையின் அடியில், எறும்பு வரிசைபோல எழுத்து ஓடும். எல்லா ஊர் ஆட்டமும் ஊர்ந்து முடிந்து டென்வர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வசந்தி வெங்காயம் உரிப்பதை மறந்துவிட்டாள்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. தேவா எழுந்து ஜன்னலடிக்குப் போய், வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மலைக்குப் போனேன், மனதால்: அவித்த கிழங்கின் ஆவி, கூரைத் தகரத்தில் பனி, கீழிருந்து வந்தவன் மூச்சு பழகிய மூன்றாம் நாள் சட்டெனச் சிரிக்கும் சிரிப்பு.

"வந்திட்டுது!" வசந்தி கத்தினாள். வெங்காயம் உருண்டது.

கிழவனின் பெயர். பக்கத்தில் ஹோம் ரன். ஏற்கெனவே ஓடுபாதையில் நின்ற இரண்டு பேரையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த அடி, மொத்தம் மூன்று ஓட்டம். அந்தப் பந்து எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மெலிந்த காற்றில் பாரம் மறந்து, வேலியைக் கடந்த பிறகும் இறங்க மனமில்லாமல்.

ஆனால் யேசுவின் ஆட்கள் என்ன செய்தார்களோ, அது தெரியாது. தேவா கூட்டினான், திரும்பக் கூட்டினான், கணிதம் படித்தவன் விரல் மடித்து எண்ணினான். போதுமா போதாதா?

தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தேவா எடுத்தான். யேசுவின் குரல்தான் அறையெங்கும் கேட்டது.

"மச்சான், உன்ரை காருக்கை கிடாரம் கொள்ளுமோ, இல்லாட்டி நான் வானைக் கொண்டு வரட்டோ?"

*

கார் கொள்ளவில்லை. வானும் வரவில்லை, அதன் பற்றரி செத்துப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலை, கிடாரத்தைக் காரின் கூரையில் குப்புறக் கவிழ்த்து, வசந்தியின் பழைய சேலையால் கட்டி, மல்வேர்ன் பூங்காவுக்குப் போனோம். பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தி, இது என்ன என்றார். "சூப்" என்றான் தேவா. அவர் கிடாரத்தை ஒரு விரலால் தட்டி ஓசை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

கூழ் எனக்குப் புதிது. மலையில் நாங்கள் காய்ச்சுவதில்லை. பனங்கிழங்கு ஒடியல் மா, நண்டு, றால், மீன் தலை, பயிற்றங்காய், மரவள்ளி, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் ஒரே கொதியில் கிடந்து தங்கள் பெயரை மறந்துபோகும். இலையை மடித்துக் குடிக்க வேண்டியதை வெள்ளைக் காகிதக் கோப்பையில் குடித்தார்கள். மேப்பிள் மரங்கள் செத்தல் மிளகாயின் நிறத்துக்கு வந்திருந்தன.

தேவாவின் இடத்துக்குக் காத்திருந்த சிறியும் வந்திருந்தார், ஏமாற்றத்தைக் காட்டாமல். என்னருகே வந்தமர்ந்தார்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?"

சுற்றியிருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். சட்டத்தை மீறிவிட்டார் மனுசன். குகன் தொண்டையைச் செருமினான்.

"நுவரெலியாங்க. பொறந்ததும் அங்கதான், எங்கப்பாவும் அங்கதான்."

சிறி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனதுக்குள் அவரும் என்னவோ கணக்குப் போட்டார்.

"எத்தினை அடி உயரம்?"

"ஆறாயிரத்துக்கு மேல."

"கடவுளே! டென்வரை விட உயரமோ? அங்கை ஒரு கிரவுண்ட் இருந்தால்..." அவர் கண் எங்கோ பறந்தது. "பந்து போய் விழாது!"

நான் சிரித்ததில் கூழ் மூக்கில் ஏறிற்று. மிளகாய்க் கூழ். கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

யேசுதாசன் அகப்பையோடு கிடாரத்தடியில் வியர்த்து நின்றான். கோப்பையை நீட்டிக்கொண்டு அருகே போனேன்.

"அன்னிக்கு அவனுக்கு ஏங்க புத்தி சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா இந்த அகப்பை உங்க கையில இருக்காதே."

அவன் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"அண்ணை, ரெண்டு வருசமாய் உவன் காய்ச்சின கூழைக் குடிச்ச ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. மூண்டாம் வருசமும் அதைக் குடிக்கிறதோ? என்ரை வயித்தையும் பாக்கவேணுமெல்லே."

பின்னால் தேவா வந்து நின்றான். யேசு நிரப்பிய என் கோப்பையை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தான். ஏரியிலிருந்து வந்த காற்று கிடாரத்தின் ஆவியை எங்கள் மூவர் முகத்திலும் பூசிவிட்டுப் போனது. இன்னொரு வாய் குடித்தான். உதட்டை நக்கினான்.

"புளி காணாது," என்றான்.

"அப்ப வாற வருசம் நீயே காய்ச்சு," என்றான் யேசுதாசன், அந்தக் கோப்பையை மறுபடி நிரப்பியபடி.